ரூகர் 10/22: மாற்றங்களுக்கும் ஒரு வரிசை உண்டு

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட எவரிடம் பேச்சுக் கொடுத்தாலும் சிறிது நேரத்தில் ரூகர் 10/22 என்ற பெயர் வந்துவிடும். 1964-ஆம் ஆண்டு 54 டாலர் 50 சென்ட் விலையில் வெளிவந்த இந்தச் சிறிய .22 ரைபிள் (குண்டின் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) இன்றும் தயாரிப்பில் இருக்கிறது, லட்சக்கணக்கில் விற்றிருக்கிறது. அதன் ஒவ்வொரு திருகுக்கும் ஊசிக்கும்கூட மாற்றுப்பாகம் செய்து விற்கும் ஒரு தனிச் சந்தையே அதைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. புதிதாக இதற்குள் வரும் நம்மவர்கள் சிலர், ரைபிளை வீட்டுக்குக் கொண்டுவந்த வேகத்திலேயே ஸ்டாக்கையும் (தோளில் பதியும் கட்டை) பேரலையும் (குண்டு வெளியேறும் குழல்) கழற்றத் தொடங்குவதைப் பார்க்கிறேன். மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ஆனால் இதில் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி தலைகீழான வரிசையில் செலவாகிறது என்பது என் கருத்து. கண்ணுக்குத் தெரிகிற பாகம் முதலில் மாறுகிறது. குறிக்கு உதவுகிற பாகமோ கடைசியில்தான் மாறுகிறது, சிலரிடம் மாறாமலே போய்விடுகிறது.

ரைபிளைப் பற்றிப் பேசுவதற்கு முன் தோட்டாவைப் பற்றிப் பேச வேண்டும். .22 லாங் ரைபிள் எனப்படும் இந்தத் தோட்டா 1887-இல் உருவானது. ஊரில் கல்லூரி நாட்களில் என்.சி.சி. முகாமுக்குப் போனவர்கள் தரையில் படுத்துச் சுட்டது .22 ரைபிளில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதும் இதே தோட்டாவைக் கொண்டுதான். இதன் அடிப்பாகத்தின் நடுவில் தனியாகப் பிரைமர் (தீமூட்டும் சிறு மூடி) கிடையாது. தீப்பற்றும் மருந்து பித்தளைக் கூட்டின் அடிவிளிம்புக்குள் பரவியிருக்கும். சுடும் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது அது பற்றிக்கொள்கிறது. நசுங்கிய கூட்டை எடுத்து மறுபடி நிரப்பிக்கொள்வது நடைமுறையில் ஆகாத காரியம். பெரிய ரக ரைபிள் வைத்திருப்பவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து மருந்தை நிறுத்து, தன் ரைபிளுக்கு ஏற்ற தோட்டாவைத் தானே தயாரித்துக்கொள்கிறார். .22 வைத்திருப்பவருக்கு அந்த வழி அடைபட்டிருப்பதால், குடைந்து பார்க்கும் ஆர்வம் முழுவதும் ரைபிளின் மீதே பாய்கிறது. 10/22-இன் உதிரிபாகச் சந்தை இவ்வளவு பெரிதாகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பல ரைபிள்களில் பேரலை ரிசீவருக்குள் (இயங்கும் பாகங்களைத் தாங்கும் நடுக்கூடு) மரையிட்டு முறுக்கியிருப்பார்கள். அதைக் கழற்ற வைஸ் வேண்டும், அதற்கான தனிக் கருவி வேண்டும், அவற்றைக் கையாளத் தெரிந்த கன்ஸ்மித்தும் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) வேண்டும். 10/22-இல் வி வடிவக் கட்டை ஒன்றும் இரண்டு திருகுகளும் பேரலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ட்ரிகர் தொகுதி முழுவதும் இரண்டு குறுக்கு ஊசிகளில் நிற்கிறது. தொழிற்சாலையில் விரைவாகவும் மலிவாகவும் பூட்டுவதற்கு வசதியான இந்த அமைப்பு, வீட்டில் ஓர் ஆலன் கீயை வைத்துக்கொண்டு உட்காருகிறவருக்கும் அதே அளவு வசதியாகிவிட்டது. பத்துத் தோட்டா கொள்ளும் அந்தச் சுழல் மேகசினையும் சொல்ல வேண்டும். ஸ்டாக்குக்கு வெளியே துருத்தாமல் உள்ளடங்கி நிற்கும் அதுதான் இந்த ரைபிளின் ஆகச் சிறந்த பாகம் என்பேன். அதைக் கழற்றி வைத்துவிட்டு, வாழைப்பழம்போல் வளைந்து தொங்கும் 25 தோட்டா மேகசினைச் செருகிக்கொள்வதால் தோட்டா சீக்கிரம் தீர்வதைத் தவிர வேறு பயனை நான் கண்டதில்லை.

சரி, எதிலிருந்து தொடங்குவது? ரைபிளில் எதையும் தொடாமல், ஐந்தாறு வகைத் தோட்டாக்களை ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். விளிம்பில் மருந்து பரவியிருக்கும் சீர், குண்டின் எடை, கூட்டின் கனம் ஆகியவற்றில் ஏற்படும் மிகச் சிறிய வேறுபாடுகள் குண்டின் வேகத்தை மாற்றுகின்றன. அந்த வேறுபாடு, குறி அட்டையில் குண்டுகள் மேல்கீழாக விழுவதில் தெரிகிறது. ஒரே வகைத் தோட்டாவிலும் ஒரு தயாரிப்புத் தொகுதி ஒரு ரைபிளுக்குப் பிடிக்கும், அடுத்த தொகுதி பிடிக்காது. இது சுடுகிறவர்களின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. போட்டியாளர்கள் தங்கள் ரைபிளைக் கொண்டுபோய் ஒவ்வொரு தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, பிடித்த தொகுதியை மொத்தமாக வாங்கிக்கொள்வதற்காக லாபுவா போன்ற தோட்டா நிறுவனங்கள் சோதனைக் கூடங்களையே நடத்துகின்றன. பேரங்காடியில் ஐந்நூறு தோட்டாக்களாக விற்கும் மலிவுப் பெட்டியைச் சுட்டுவிட்டு, இந்த ரைபிளில் குறி சரியில்லை என்று நானூறு டாலர் பேரலுக்கு ஆர்டர் கொடுக்கிறவர், சில டாலர் அதிகம் கொடுத்து சி.சி.ஐ. ஸ்டாண்டர்டு வெலாசிட்டியோ எஸ்.கே. தோட்டாவோ வாங்கிச் சுட்டிருந்தால் அந்தப் பேரலே தேவைப்பட்டிருக்காது என்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

வேகமான தோட்டா நல்ல தோட்டா என்ற எண்ணமும் பலரிடம் இருக்கிறது. வினாடிக்கு 1070 அடி வேகத்தில் புறப்படும் தோட்டா ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேயே பயணம் செய்கிறது. 1235 அடியில் புறப்படுவது ஒலியின் வேகத்துக்கு மேலே தொடங்கி, வழியில் அதற்குக் கீழே இறங்குகிறது. அந்தக் கட்டத்தில் காற்றின் தடை கூடுவதால் அதிக வேகத்தை இழக்கிறது. விளைவு, பக்கக் காற்று வீசும்போது வேகமான குண்டே மெதுவான குண்டைவிட அதிகம் ஒதுங்குகிறது. கேட்பவர் நம்ப மறுக்கும் இந்த விஷயத்தை 100 கெஜத்தில் யாரும் தாமே சுட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அளப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து குண்டுகள் நெருக்கமாக விழுந்த ஒரே ஓர் அட்டையைப் படமெடுத்துப் போட்டு, புதிய பேரலின் பெருமை பேசுவது நம் பொழுதுபோக்கின் தொற்றுநோய். ஐந்து குண்டுகளின் நெருக்கம் தற்செயலாகவும் அமையும். ஒரே நாளில், ஒரே தொகுதித் தோட்டாவால், பத்துப் பத்தாகப் பல அட்டைகள் சுட்டு அவற்றின் சராசரியைப் பார்ப்பவரின் பேச்சுக்குத்தான் நான் காது கொடுப்பேன். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதும் இதனால்தான். ட்ரிகர், பேரல், ஸ்டாக் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றியவருக்கு, முன்னேற்றம் எதனால் வந்தது என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை. சீர்கெட்டால் எதனால் கெட்டது என்பதும் தெரியாது.

தோட்டாவுக்கு அடுத்தது ட்ரிகர். தொழிற்சாலையிலிருந்து வரும் 10/22-இன் ட்ரிகரை இழுக்க ஏறக்குறைய 6 பவுண்ட் விசை தேவைப்படுகிறது. சாதாரண கார்பைன் வகையின் மொத்த எடையே 5 பவுண்ட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும்: ரைபிளின் எடையைவிடக் கூடுதலான விசையை ஒற்றை விரலால் கொடுத்துக்கொண்டே, ரைபிளை அசையாமலும் பிடித்திருக்க வேண்டும். ரூகர் நிறுவனமே தனியாக விற்கும் பி.எக்ஸ். ட்ரிகர் இதைச் சுமார் 2.75 பவுண்டுக்குக் குறைக்கிறது. டெக்சாஸைச் சேர்ந்த கிட், அயோவாவைச் சேர்ந்த வோல்குவார்ட்சன் ஆகிய நிறுவனங்களின் ட்ரிகர் தொகுதிகள் இதைவிட நேர்த்தியானவை, விலையும் அதற்கேற்றது. முழுத் தொகுதியாக வாங்கி இரண்டு ஊசிகளில் மாட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். காணொளியைப் பார்த்துவிட்டுச் சுத்தியலும் (சுடும் ஊசியை அடிக்கும் பாகம்) சியரும் (அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) பொருந்தும் முனையை வீட்டில் தேய்க்கத் தொடங்கினால், கீழே விழுந்தாலே வெடிக்கும், ஒரே இழுப்பில் இரண்டு தோட்டா போகும் துப்பாக்கி ஒன்று உருவாகக்கூடும். அது ஆபத்து என்பதோடு, ஒரே இழுப்பில் ஒன்றுக்கு மேல் சுடும் துப்பாக்கியை அமெரிக்கச் சட்டம் மெஷின் கன் என்றே பார்க்கும்.

புதிய ட்ரிகரைப் பழகத் தோட்டாவே தேவையில்லை. 10/22-இன் போல்ட்டில் (தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் நகரும் பாகம்) சுடும் ஊசியைத் தடுத்து நிறுத்த ஒரு குறுக்கு ஊசி இருப்பதால் வெறுமனே சுட்டுப் பழகலாம் என்று நிறுவனமே சொல்கிறது. அந்தத் தடுப்பு இல்லாத மற்ற .22 ரைபிள்களில், சுவரில் திருகு மாட்டுவதற்காக ஹார்டுவேர் கடையில் விற்கும் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் ஆங்கர்களைப் போலித் தோட்டாவாகச் செருகிக்கொள்கிறார்கள். அளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்தப் பொழுதுபோக்கில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் உபகரணம் வேறில்லை.

இவை இரண்டும் முடிந்த பிறகே பேரல். தொழிற்சாலைப் பேரலின் சேம்பர் (தோட்டா அமரும் இடம்) எந்த மலிவுத் தோட்டாவும் சிக்காமல் நுழைய வேண்டும் என்பதற்காகச் சற்றுத் தளர்வாகவே குடையப்பட்டிருக்கும். குண்டு பேரலின் உட்புறச் சுழல் வரிகளைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் சாய்வதற்கும் அதனால் இடம் கிடைக்கிறது. பென்ட்ஸ் வகைச் சேம்பர் குடைந்த போட்டிப் பேரல்கள் இந்த இடைவெளியை இறுக்குகின்றன. அந்த இறுக்கத்துக்கு விலை உண்டு. சில மலிவுத் தோட்டாக்கள் நுழைய மறுக்கும். சி.சி.ஐ. ஸ்டிங்கர் போன்ற, கூடு வழக்கத்தைவிட நீளமான தோட்டாக்களை அவற்றில் போடவே கூடாது. 0.920 அங்குலப் பருமன் கொண்ட கனத்த பேரல்தான் குறிக்கு நல்லது என்று நம்புகிறவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு நின்றபடி சுட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். பருமனைவிடச் சேம்பரும், குண்டு வெளியேறும் முனையின் நேர்த்தியுமே அதிகம் பேசுகின்றன. கனத்த பேரல் அந்த ஒற்றை வி கட்டையின் மீது பாரத்தை ஏற்றுவதால் முன்பக்கம் தாழ்வதும் உண்டு. ஸ்கோப்பை (குறி பார்க்கும் தொலைநோக்கி) மேலும் மேலும் திருகியும் குறி உயராமல் திண்டாடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே. சுத்தம் செய்கிறேன் என்று கம்பியை முன்பக்கமிருந்து அடிக்கடி செருகி அந்த முனையைத் தேய்த்துவிடுவது, நல்ல பேரலைக் கெடுக்கும் நிச்சயமான வழி. ரிசீவரின் பின்சுவர் மூடியிருப்பதால் 10/22-இல் பின்பக்கமிருந்து கம்பி போகாது. அதற்காகப் பின்சுவரில் துளை போடுகிறவர்களும் உண்டு. இழுத்துத் துடைக்கும் கயிறே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஸ்டாக், வண்ணம் பூசிய போல்ட் கைப்பிடி, சிவப்பு நிற மேகசின் விசை ஆகியவற்றைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. கன்னம் பதியும் உயரம் ஸ்கோப்புக்குப் பொருந்தாவிட்டால் ஸ்டாக்கை மாற்றுங்கள். மற்றபடி அது அலங்காரம், அலங்காரத்துக்குச் செலவு செய்ய ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. போல்ட் விடுவிப்பானுக்கு மட்டும் விதிவிலக்குத் தருவேன். பழைய வகையில் போல்ட்டைத் திறந்து நிறுத்தவும் மூடவும் விரல்களுக்கு வித்தை தெரிந்திருக்க வேண்டும். சில டாலருக்குக் கிடைக்கும் மாற்றுத் தகடு அந்தத் தொல்லையைத் தீர்த்துவிடுகிறது. ஆப்பிள்சீட் பயிற்சி முகாம்களுக்குப் போய்ப் பார்த்தால் என் வாதம் இன்னும் தெளிவாகும். 25 மீட்டரில் நின்றும் உட்கார்ந்தும் படுத்தும் சுடும் அந்த முகாம்களில் பலர் கொண்டுவருவது, நல்ல துளைக்குறியும் (சிறு துளை வழியே குறி பார்க்கும் சாதனம்) தோள்பட்டை வாரும் அந்த விடுவிப்பானும் மட்டும் சேர்த்த 10/22-தான். வாரைச் சரியாகக் கட்டக் கற்றவர், ஆயிரம் டாலர் செலவழித்த ரைபிளோடு பக்கத்தில் படுத்திருப்பவரை எளிதாக முந்திவிடுவார்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் செக் நாட்டின் சி.இசட். 457 போன்ற, ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளை வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கொடுக்கும் டாலருக்குக் குறி எவ்வளவு என்று மட்டும் கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வதே சரி. ஆனால் அப்படிப்பட்ட ரைபிளைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே அது நன்றாகச் சுடுகிறது. எதனால் என்று தெரிந்துகொள்ள அவசியம் ஏற்படுவதில்லை. 10/22 சுமாராகச் சுடத் தொடங்கி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொஞ்சம் தேறி வருகிறது. பாகங்களை மேசையில் பரப்பி வைத்து யோசிக்கும் சனிக்கிழமை மாலைகளுக்காகவே இதை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், அதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இங்குள்ள தமிழர்கள் கவனிக்க வேண்டிய சட்ட விஷயம் ஒன்று. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரிசை எண் பொறித்த ரிசீவர்தான் துப்பாக்கி; மற்ற பாகங்கள் பெரும்பாலும் தபாலிலேயே வரும். பாகங்கள் எளிதாகக் கிடைப்பதால் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையும் எல்லாருக்கும் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு வந்தவருக்கு அந்தத் தடை இல்லை. பேரலை 16 அங்குலத்துக்குக் கீழே குறைப்பதற்கு 1934-ஆம் ஆண்டுச் சட்டம் தனிப் பதிவைக் கேட்கிறது. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினைத் தடை செய்த மாநிலங்களும் இருக்கின்றன. ஊருக்குத் திரும்பிப்போய் இதையே தொடரலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு, இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உதிரிபாகங்களையும் ஆயுதம் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன்.

கழற்றிய பாகங்களை எறிந்துவிடாதீர்கள். மாற்றங்கள் செய்த 10/22-ஐ விற்கப் போனால், உள்ளே எவ்வளவு செலவு செய்திருந்தாலும் வாங்குபவர் சாதாரண 10/22-இன் விலையையே பேசுவார். பழைய ட்ரிகரையும் பேரலையும் திரும்ப மாட்டி ரைபிளைத் தனியாகவும், நல்ல பாகங்களைத் தனியாகவும் விற்றால் போட்ட பணத்தில் பெரும்பங்கு கைக்கு வரும்.