வலியைப் பழகத் தேவையில்லை

"கொஞ்ச நாள் ஓடினால் பழகீடும்." றேஸ் சைக்கிள் வச்சிருக்கிற எல்லாரும் இந்தக் கதையைக் கேட்டிருப்பியள். நானும் நம்பி ஒரு வருசம் ஓடினனான். பழகேல்லை.

என்ரை சைக்கிள் லண்டனிலை இருந்து சித்தப்பா கொண்டுவந்தது. இஞ்சை கனபேரின்ரை சைக்கிள் இப்பிடி வந்ததுதான். அவர் என்னைவிட அரையடி உயரம். அவற்றை கைக்கு அளவான ஹாண்டில் எனக்கு எட்டத்திலை நிண்டது.

போன ஆனியிலை குறிகட்டுவானுக்குப் போனம். போய்வர 60 கிலோமீற்றருக்கு மேலை. வாணர் தாம்போதியிலை ஏறினதிலை இருந்து முகத்துக்கு நேரை சோழகம். காத்துக்குக் குனியக் குனிய உடம்புப் பாரம் முழுக்க உள்ளங்கையிலை. இறங்குதுறையிலை சோடாப் போத்தில் மூடியைத் திருகப் பாக்கிறன், சின்னி விரலும் மோதிர விரலும் என்ரை சொல்லுக் கேக்கேல்லை. கூட வந்த பெடியன்தான் திறந்து தந்தவன்.

அந்த ரெண்டு விரலுக்கும் போற நரம்பு, உள்ளங்கையிலை சின்னி விரல் பக்கத்தாலை போகுது. அதிலை மணிக்கணக்கா பாரம் விழுந்தால் மரக்கும். ஹாண்டிலைப் பிடிச்சிருக்கிற ஸ்ரெம் 110 மில்லிமீற்றர். அதைக் கழட்டி 80 போட்டு, மேல்நோக்கி நிக்கிற மாதிரித் திருப்பிப் பூட்டினனான். அதோடை விரல் மரக்கிறது நிண்டுது.

சீற்றுக்கு முதல் எல்லாரும் வாங்கிறது மெத்தெண்ட ஜெல் கவர். தயவுசெய்து வாங்காதேங்கோ. முதல் 10 கிலோமீற்றர் சுகமாத்தான் இருக்கும். பிறகு இருப்பெலும்பு அதுக்குள்ளை புதைய, நடுவிலை இருக்கிற மெல்லிய சதையிலை பாரம் ஏறும். வேண்டியது மெத்தை இல்லை, உங்கடை எலும்புக்கேத்த அகலம். பிஸ்கற் பெட்டி அட்டையைச் சீமெந்துப் படியிலை வச்சு, காலைத் தூக்கிக்கொண்டு அதிலை இருந்திட்டு எழும்புங்கோ. ரெண்டு குழி விழுந்திருக்கும். எனக்கு அந்தக் குழியளின்ரை நடுவுக்கு நடு 12 சென்றிமீற்றர். சீற் அதைவிட ரெண்டு மூண்டு சென்றிமீற்றர் கூட இருந்தால் காணும். சீற் உயரத்துக்கு, பெடல் அடியிலை நிக்கேக்கை குதிக்காலை வச்சுப் பாருங்கோ, முழங்கால் அப்பத்தான் நேராக வேணும்.

எல்லாத்தையும்விட ரயர்தான் பெரிய விசயம். 23 மில்லிமீற்றர் ரயருக்குக் காத்தை 120 பிஎஸ்ஐ அமுக்கத்துக்கு அடிச்சுக்கொண்டு எங்கடை ஒழுங்கையளிலை போனால் ஒவ்வொரு கல்லும் முள்ளந்தண்டிலை தெரியும். கல்லு மாதிரி இருந்தால்தான் வேகம் எண்டு சொல்லுவினம். பளிங்குத் தரைக்கு அது சரி. கரடான றோட்டிலை இறுகின ரயர் ஒவ்வொரு மேட்டிலையும் சைக்கிளையும் ஆளையும் மேலை தூக்குது. முன்னுக்குப் போக மிதிச்ச பலம் அதிலை போகுது. இளகின ரயர் அந்தக் கல்லை விழுங்கீட்டுப் போகும். நான் இப்ப 28 மில்லிமீற்றர் ரயரிலை, காத்து பின்னுக்கு 80 பிஎஸ்ஐ, முன்னுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைச்சு. என்ரை நிறை 68 கிலோ. நல்லாக் குறைக்கவும் கூடாது, பள்ளத்திலை விழ றிம் ரியூப்பை நசிச்சுப்போடும். வாங்க முதல் பிறேக்குக்கும் ரயருக்கும் இடையிலை எவ்வளவு இடைவெளி எண்டு பாருங்கோ. பழைய சைக்கிள் சிலதுக்கு 25தான் போகும்.

எங்கடை அப்பாமார் பருத்தித்துறையிலை இருந்து சைக்கிளிலை மூட்டையும் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்தவை. அந்தச் சைக்கிள் ரயர் ஒண்டரை இஞ்சி, 38 மில்லிமீற்றர். ஹாண்டில் நெஞ்சுக்கு நேரை. நாங்கள் போட்டிக்காரரின்ரை படத்தைப் பாத்து அதை விட்டிட்டம். வலி தாங்கேலாமல் விட்ட எத்தினை நல்ல சைக்கிள் விறாந்தையிலை தூசி பிடிச்சு நிக்குது எண்டு நினைக்க மனம் பொறுக்குதில்லை.

என்ரை பழைய 110 ஸ்ரெம் சும்மா கிடக்கு. உயரமான ஆக்கள் ஆருக்கும் தேவையெண்டால் சொல்லுங்கோ, காசு வேண்டாம்.