வெயிலுக்கான கால்சட்டை என்று எழுதிவிட்டால் போதுமா?

பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி. மணிமுத்தாற்றுக் கால்வாய்க் கரையின் மண்பாதையில், குடைபோல் விரிந்து நின்ற ஓர் உடைமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தொடை கொதிக்கும் கொதி தாங்காமல் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் கால்சட்டையின் மேல் ஊற்றினேன். தாமரை இலைத் தண்ணீரைப் போல அது முத்து முத்தாக உருண்டு மண்ணில் விழுந்தது. ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்த்தபோது, துணி முழுவதும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு வெளிச்சத்தில் மினுங்கியது. என் வியர்வை அந்தப் பூச்சின் மேல் வெளியேற வழியின்றித் தேங்கி, தொட்டால் கை நனையும் அளவுக்கு நின்றது. அதன் அட்டையில் எழுதியிருந்த வாசகங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன்: எடை குறைந்தது, காற்றோட்டமானது, வெயில் காலத்துக்கு ஏற்றது. மழைக்குப் போட வேண்டிய ஒரு பொருளை வெயிலுக்கு என்று சொல்லி என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. ஆறாமல் இருப்பதே நியாயம் என்று நினைக்கிறேன்.

மலைப்பாதை சைக்கிள் ஓட்டுவதற்கு முழுக்கால்சட்டை எதற்கு, அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு போனால் என்ன என்று கேட்பவர்கள், எங்கள் ஊர்ப் பக்கத்து மண்பாதையில் ஒரு நாழிகை நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் நாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போக முடியாது, போகவும் கூடாது. எனவே எங்களுக்கு வாய்ப்பதெல்லாம் மலையடிவாரத்து வண்டிப்பாதைகள், குளக்கரைகள், கால்வாய்க் கரைகள், திசையன்விளைப் பக்கத்துத் தேரிமண் எனும் செம்மணல் தடங்கள் ஆகியவைதாம். அங்கே பாதையின் இருபுறமும் முள்தான். உடைமுள் வெள்ளை வெளேரென்று நேராக, இரட்டை இரட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். குத்தினால் ஆழமாக இறங்கும், ஆனால் நேராக வெளியே வந்துவிடும். சூரைமுள் அப்படியல்ல. அது கொக்கிபோல் பின்னோக்கி வளைந்தது. துணியைப் பிடித்தால் விடாது, இழுத்தால் கிழிக்கும். சீமைக் கருவேலத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். போதாக்குறைக்கு, கால் வழுக்காமலிருக்கப் பெடலில் பதித்திருக்கும் சிறு இரும்பு ஊசிகள், ஒருமுறை கால் தவறினால் முன்னங்காலின் தோலைச் சீவிவிடும். என் இடது காலில் முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை நீளத்துக்கு அப்படி ஒரு தழும்பு இருக்கிறது. ஆகவே முழுக்கால்சட்டை என்பது எனக்கு அலங்காரமல்ல, தேவை. பாளையங்கோட்டை வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிற பருவத்திலும் அது தேவை.

இத்தனைக்கும் நான் கேட்பது பெரிய விந்தை ஒன்றுமல்ல. காற்று உள்ளே போக வேண்டும், வியர்வை வெளியே வர வேண்டும், முள்ளுக்குக் கிழியக் கூடாது, மிதிக்கும்போது முழங்காலில் பிடிக்கக் கூடாது. இவை நான்கும் உள்ள துணி உலகத்தில் இருக்கிறது. அது எந்தக் கால்சட்டையில் இருக்கிறது என்பதை வாங்குகிறவன் தெரிந்துகொள்ள முடியாதபடி மறைத்து வைத்திருப்பதுதான் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம்.

எடை குறைந்தால் குளிர்ச்சி என்று ஒரு பொய்யை எல்லாருமாகச் சேர்ந்து நிலைநாட்டிவிட்டார்கள். துணியின் எடை என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. ஜீன்ஸ் துணி 400 கிராமும் அதற்கு மேலும் வரும். வெயில் காலத்துக்கு என்று செய்யப்படும் நல்ல சைக்கிள் கால்சட்டைத் துணி அதில் பாதிக்கும் குறைவாக இருக்கும். அதுவரை சரி. ஆனால் இழைகளை இடைவெளியே இல்லாமல் நெருக்கி நெய்த மெல்லிய நைலான், குடைத்துணியைப் போல, மிகக் குறைந்த எடையில் மிக அதிகமான புழுக்கத்தைத் தரும். அதைவிடக் கனமான துணி சற்று நெகிழ நெய்யப்பட்டிருந்தால் காற்றைத் தாராளமாக விடும். கையில் தூக்கிப் பார்த்து "பஞ்சு மாதிரி இருக்கிறது" என்று மகிழ்ந்து வாங்கிய துணி காலில் ஏறியதும் அடுப்பாகிவிடுவது இதனால்தான். குளிர்ச்சியைத் தீர்மானிப்பது நெசவும், அதன் மேல் பூசியிருக்கும் பூச்சும், நூல் ஈரத்தை என்ன செய்கிறது என்பதும் ஆகும். பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நைலான் 4 விழுக்காடு. பாலியெஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. பருத்தி உடம்புக்கு இதமானதுதான், வேட்டிக்கும் லுங்கிக்கும் அதை மிஞ்சிய துணி கிடையாது. ஆனால் சீட்டின் மேல் இரண்டு மணி நேரம் உரசிக்கொண்டிருக்கும் இடத்தில் அது வியர்வையைக் குடித்து ஊறி, காயாமல் நின்று, தொடையிடுக்கைப் புண்ணாக்கிவிடும். இந்தச் செய்திகளில் ஒன்றாவது அட்டையில் இருக்கிறதா? "100 விழுக்காடு பாலியெஸ்டர்" என்று மட்டும் இருக்கும். எத்தனை கிராம் துணி, பூச்சு உண்டா இல்லையா, காற்று எவ்வளவு போகும் என்று எழுத இடமில்லையாம். மலையுச்சியில் ஒருவர் சைக்கிளோடு பறக்கிற படத்துக்கு மட்டும் பாதி அட்டை இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சைக்கிள் விளையாட்டு வளர்ந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு. 1976இல் கலிஃபோர்னியாவின் டமல்பைஸ் மலைப்பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை வைத்து இறக்கப் பந்தயம் விட்டார்கள். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட செங்குத்தான மண்பாதை அது. பின்சக்கரத்துப் பிரேக் சூட்டில் அதன் கிரீஸ் எரிந்துபோய், ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பந்தயத்துக்கு "ரீபேக்" என்றே பெயர் வந்தது. அவர்கள் ஜீன்ஸும் பூட்ஸும் அணிந்துதான் ஓட்டினார்கள். பசிபிக் கடலின் மூடுபனி ஏறிவரும் மலை அது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இறக்கம். எதிர்க்காற்று உடம்பை ஆற்றிவிடும். அவர்களுக்கு அது போதும். இன்றைக்கும் கால்சட்டைகளைக் கற்பனை செய்கிறவர்கள் அப்படிப்பட்ட வெயிலைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். தொடையில் ஜிப் வைத்த காற்றுவழி, முழங்காலுக்குப் பின்னால் ஊசித்துளைகள் என்று அவர்கள் செய்திருப்பதெல்லாம் வேகமாக இறங்கும்போது மட்டுமே வேலை செய்யும். நம் பாதையில் தேரிமண்ணில் டயர் புதைய, மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் மூச்சுத் திணற மிதிக்கும்போது அந்த ஜிப்பைத் திறந்து வைத்தாலும் மூடி வைத்தாலும் ஒன்றுதான், உள்ளே போகக் காற்று வேண்டுமே! ஆனி, ஆடியில் பணகுடிப் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும். அப்போது எந்தக் கால்சட்டையும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். சித்திரையில் காற்றே அசையாத குளக்கரைக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

நிறத்தையாவது யோசித்தார்களா என்றால் அதுவும் இல்லை. நான் பார்த்த பத்தில் எட்டு கறுப்பு. அழுக்குத் தெரியாது என்கிறார்கள். வெயிலில் நிறுத்தி வைத்த கறுப்புச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவன் எவனும் வெயில் காலத்துக்கென்று கறுப்புத் துணியை வெட்டமாட்டான்.

இணையத்தில் வாங்கலாம் என்றால் அளவு அட்டவணை என்ற பெயரில் ஒரு கொடுமை நடக்கிறது. இடுப்பு 32 என்று போட்டிருப்பது என் இடுப்பின் அளவா, கால்சட்டையின் அளவா என்று எழுதுவதில்லை. ஒரு விற்பனையாளர் முதலாவதைக் கொடுக்கிறார், இன்னொருவர் இரண்டாவதைக் கொடுக்கிறார். நீளம் பெரும்பாலும் 32 அங்குலம்; எனக்கு 29 போதும். மிச்சமுள்ள மூன்று அங்குலமும் கணுக்காலில் மடிந்து குவிந்து, வலது காலில் செயினுக்கு இரையாகிறது. அப்படித்தான் எனக்கு ஒன்று போயிற்று. செயின் வீலின் பற்கள் கால்முனையைக் கவ்வி, கறுப்பு மசகோடு வரிசையாக ஏழு ஓட்டைகள் போட்டு, என்னையும் பாதையோரத்து முட்புதரில் தள்ளின. கணுக்காலில் ஒட்டி நிற்கும்படி கால்முனை குறுகியிருக்க வேண்டும் என்பது இந்த உடையின் அரிச்சுவடி. குனிந்து ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது முதுகுப்பக்கம் இடுப்புப்பட்டி உயர்ந்திருக்க வேண்டும், கவட்டையில் நான்கு தையல்களும் ஒரே புள்ளியில் சந்திக்காமல் தனித் துண்டு வைத்துத் தைத்திருக்க வேண்டும் என்பவையும் அப்படித்தான். சாதாரண டிராக் பேன்டுக்குச் சைக்கிள் படம் ஒட்டி விற்கிறவர்களுக்கு இவற்றில் எதுவும் தெரியாது. அந்த நான்கு தையல் சந்திக்கும் முடிச்சின் மேல் உட்கார்ந்து மூன்று மணி நேரம் மிதிப்பது எப்படியிருக்கும் என்பதை இங்கே விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையிலிருந்து டவுன் ரத வீதிகள் வரை நான் ஏறி இறங்காத கடை குறைவு. ஒரு கடையில் உடற்பயிற்சிக்கு அணியும் வலைத்துணிக் கால்சட்டையை எடுத்துப் போட்டார்கள். "சைக்கிளுக்குத்தான கேக்கிய அண்ணாச்சி? இதுதான் இப்ப எல்லாரும் எடுக்காவ" என்றார் கடைக்காரத் தம்பி. காற்று போவதென்னவோ உண்மைதான். பச்சையாற்றுப் பக்கம் போட்டுக்கொண்டு போன முதல் நாளே ஒரு சூரைக்கொடி ஆடுசதைப் பக்கம் பிடித்தது. நான் நிறுத்துவதற்குள் வலைக்கண்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிந்து, முழங்கால்வரை ஓடிவிட்டன. 1,100 ரூபாய் ஒரு கொடிக்குப் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். துணியை இரண்டு விரல்களால் இழுத்துப் பிடித்து, வாயோடு வைத்து ஊதிப் பார்ப்பேன். மறுபக்கம் உள்ளங்கையில் காற்றுப் பட்டால் மேற்கொண்டு பேசுவேன், படாவிட்டால் வைத்துவிடுவேன். ஒரு கடையில் இதற்காக, துணியில் எச்சில் படுகிறது என்று என்னைக் கடிந்துகொண்டார்கள். எச்சில் படாமல் எப்படி ஊத முடியும்? எழுத வேண்டியதை நீங்கள் அட்டையில் எழுதியிருந்தால் நான் ஏன் நடுக்கடையில் நின்று துணியை ஊதிக்கொண்டிருக்கப் போகிறேன்?

கடைசியில் எங்கள் தெருத் தையற்கார அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அவர் கிழிந்த வலைத்துணியையும், பூச்சுப் பூசிய கறுப்பையும், செயின் கடித்த மூன்றாவதையும் மேசையில் பரப்பி வைத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்தார். கவட்டைத் தையலில் விரலை வைத்தபோது அவர் முகம் சுளித்தது. "தையலுக்கு நான் பொறுப்பு அண்ணாச்சி, துணிக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார். சைக்கிளுக்கு உகந்த, சற்றே இழுபடும் நைலான் துணியை மீட்டர் கணக்கில் விற்கும் கடை எதுவும் ஊரில் எனக்குக் கிடைக்கவில்லை. பள்ளிச் சீருடைக்கு எடுக்கும் டெரிகாட்டன் கிடைத்தது. சாம்பல் நிறத்தில் மெல்லியதாகப் பார்த்து, ஊதிச் சோதித்து, இரண்டு மீட்டர் எடுத்துக் கொடுத்தேன். அவர் கவட்டையில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்தார். துணி இழுபடாது என்பதால் முழங்காலுக்கு மேலே மூன்று மடிப்பு வைத்து இடம் விட்டார். கால்முனையைக் குறுக்கி எலாஸ்டிக் கோத்தார். முதுகுப்பக்கம் இரண்டு விரற்கடை உயர்த்தினார். தையற்கூலியும் துணியுமாக நான் கறுப்புக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அது நன்றாக இருக்கிறது, ஆனால் போதுமானதாக இல்லை. சூரைமுள்ளுக்குத் தாங்குகிறது, காற்று போகிறது. வியர்வையில் நனைந்தால் தொடையில் ஒட்டுகிறது, ஏற்றத்தில் முழங்கால் பிடிக்கிறது. இழுபடும் துணி இருந்திருந்தால் அந்த அண்ணாச்சி கையால் குறையில்லாத ஒன்று கிடைத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பஞ்சு நூற்கவும் நெய்யவும் தைக்கவும் தெரிந்த மாநிலம் இது. புளியங்குடியிலும் சங்கரன்கோவிலிலும் வீரவநல்லூரிலும் தறி ஓடாத தெரு எத்தனை இருக்கும்? இங்கே இருந்துகொண்டு வெயிலுக்கு ஒரு கால்சட்டை கிடைக்காமல் சீருடைத் துணியை வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதை நினைக்கும்போதுதான் ஆத்திரம் தலைக்கேறுகிறது.

விற்கிறவர்கள் செய்ய வேண்டியது அட்டையில் இன்னும் மூன்று வரிகள் எழுதுவது மட்டுமே: சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், பூச்சு உண்டா இல்லையா, எழுதியிருக்கும் இடுப்பளவு யாருடைய அளவு. அதை எழுதும்வரை நான் கடை நடுவில் நின்று துணியை ஊதத்தான் செய்வேன். கத்திரி தொடங்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. அண்ணாச்சியிடம் இரண்டாவது கால்சட்டைக்குத் துணி கொடுத்திருக்கிறேன். இந்த முறை முழங்காலில் மூன்று மடிப்புக்குப் பதிலாக ஐந்து.