டேப்லெட்டின் ஒற்றை ஓட்டை

‘டேப்லெட் வாங்கினால் லேப்டாப் இல்லாமல் சமாளிக்கலாமா?’ என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், ப்ராசஸர், ரேம், திரை என்று பதில்கள் குவியும். பாதி வெட்டிப் பேச்சு. வேகத்தில் டேப்லெட் எப்போதோ தேறிவிட்டது. ஆப்பிள் 2020இல் மேக்புக்கில் வைத்த எம்1 சிப்பையே 2021இல் ஐபேட் ப்ரோவுக்குள்ளும் வைத்தது. மூளை ஒன்றுதான், ஆனாலும் இரண்டிலும் ஒரே வேலையைச் செய்துவிட முடிவதில்லை. என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது பக்கவாட்டில் இருக்கும் அந்த ஒற்றை ஓட்டையை. ‘யுஎஸ்பி-சி இருக்கிறதே’ என்று திருப்தியாகிவிடுவதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது.

யுஎஸ்பி-சி என்பது வெறும் வடிவத்தின் பெயர். 24 பின், எந்தப் பக்கம் செருகினாலும் போகும், அவ்வளவுதான் அந்தப் பெயர் தரும் உத்தரவாதம். உள்ளே எவ்வளவு வேகம், படம் வெளியே போகுமா, எத்தனை வாட் வரும் என்பதெல்லாம் தனித்தனி சமாசாரம். 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிளின் பழைய லைட்னிங் போர்ட் போய் யுஎஸ்பி-சி வந்துவிட்டது என்று எல்லோரும் கொண்டாடினார்கள். டேட்டா வேகம் மட்டும் அதே பழைய யுஎஸ்பி 2.0, 480 எம்பிபிஎஸ் (நொடிக்கு 480 மெகாபிட்). வேடிக்கை என்னவென்றால், அதே போர்ட் வழியாக 4கே மானிட்டருக்கு 30 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 30 முறை மாறும் படத்தை, அனுப்ப முடியும். படத்துக்கு அகல வழி, ஃபைலுக்கு ஒற்றையடிப் பாதை. ஐபேட் ப்ரோ 2018இல் 10 ஜிபிபிஎஸ்ஸில் தொடங்கி 2021இல் தண்டர்போல்ட்டுடன் (அதே ஓட்டையில் ஓடும் இன்னும் வேகமான இணைப்பு முறை) 40 ஜிபிபிஎஸ்ஸுக்குப் போனது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே ஓட்டைதான்.

இந்த எண்களை வேலையில் வைத்துப் பார்ப்போம். கேமராவில் 64 ஜிபி வீடியோ இருக்கிறது. எட்டு பிட் ஒரு பைட், ஆகவே 480 எம்பிபிஎஸ் என்பது கணக்குப்படி நொடிக்கு 60 எம்பி (மெகாபைட்), நடைமுறையில் 35 முதல் 40தான் கிடைக்கும். ஆக, காப்பி முடிய அரை மணி நேரம். 5 ஜிபிபிஎஸ் போர்ட்டில் நொடிக்கு 400 எம்பி சுமாராக வரும். கார்டும் டேப்லெட்டின் ஸ்டோரேஜும் ஈடுகொடுத்தால் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மாதம் ஒருமுறை காப்பி செய்பவருக்கு இது பொருட்டே இல்லை. தினமும் செய்பவருக்கு 480 எம்பிபிஎஸ் டேப்லெட் லேப்டாப்புக்கு மாற்றாகவே முடியாது, திரை எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வாங்கியதைச் சோதிக்க எளிய வழி: ஒரு எஸ்எஸ்டியில் 10 ஜிபி அளவுள்ள ஒற்றை ஃபைலை வைத்து டேப்லெட்டுக்குக் காப்பி செய்யுங்கள். நான்கு நிமிடத்தைத் தாண்டினால் எங்கோ யுஎஸ்பி 2.0 உட்கார்ந்திருக்கிறது. போர்ட்டைத் திட்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜருடன் வரும் யுஎஸ்பி-சி கேபிள்களில் பெரும்பாலானவை சார்ஜுக்கென்று செய்தவை. அதிவேக டேட்டாவுக்கான கம்பிகளே அவற்றில் இருக்காது. அந்தக் கேபிளை மானிட்டரில் செருகினால் படமும் வராது. ‘மானிட்டர் கெட்டுப்போச்சு’ என்று கிளம்பும் புகார்களில் கணிசமானவை இந்தக் கேபிளில்தான் போய் முடியும்.

அடுத்தது ஹப், அதாவது ஒரு போர்ட்டில் செருகிப் பல போர்ட்களாக்கும் சிறு பெட்டி. ஒரே போர்ட்தானே, ஹப் போட்டால் ஆறாகிவிடும் என்பார்கள். ஆறு ஓட்டை கிடைக்கும், உண்மைதான். வழி அதே ஒன்றுதான், அதைப் பங்குபோட வேண்டும். யுஎஸ்பி-சியில் நான்கு அதிவேகக் கம்பி ஜோடிகள் உண்டு. மானிட்டரையும் வேகமான டிரைவையும் ஒன்றாக மாட்டும்போது சாதாரண ஹப் இரண்டைப் படத்துக்கும் இரண்டை டேட்டாவுக்கும் கொடுக்கும். 4கே படத்துக்கு 60 ஹெர்ட்ஸில் சுமார் 12.5 ஜிபிபிஎஸ் வேண்டும். படம் அனுப்பும் முறையான டிஸ்ப்ளேபோர்ட்டின் பழைய 1.2 பதிப்பில் இரண்டு ஜோடி சேர்ந்து சுமப்பது 8.64தான். அதனால்தான் பல ஹப்கள் 4கேயை 30 ஹெர்ட்ஸில் காட்டுகின்றன, மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்கிறது. நான்கையும் படத்துக்கே கொடுக்கும் ஹப்பும் உண்டு. அதில் படம் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் டிரைவ் யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்றால் இரண்டு ஜோடியிலேயே 12.96 கிடைக்கும், இரண்டும் நடக்கும். டேப்லெட், ஹப் இரண்டுமே 1.4ஆக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அட்டைப்பெட்டியில் ‘4கே’ என்பது கொட்டை எழுத்தில் இருக்கும், ‘30 ஹெர்ட்ஸ்’ என்பதைத் தேட பூதக்கண்ணாடி வேண்டும்.

மானிட்டர் உங்களுக்கு முக்கியமா? அப்படியானால் டேப்லெட்டில் படம் வெளியே போகும் வசதி இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்யுங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்கள் பலவற்றின் யுஎஸ்பி-சியில் அது அறவே இல்லை. எந்த ஹப்பாலும் அதைக் கொண்டுவர முடியாது. ஐபேடில் இன்னொரு சிக்கல். பழைய சிப் என்றால் மானிட்டரில் டேப்லெட் திரையின் நகல்தான் தெரியும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு. மானிட்டரைத் தனித் திரையாக வைத்து வேலை செய்ய எம்1 அல்லது அதற்குப் பிந்தைய சிப்பும் ஐபேட்ஓஎஸ் 16.2ம் குறைந்தபட்சம் வேண்டும்.

கரண்ட் விஷயம் இதைவிட நுணுக்கமானது, கெடுவதும் இங்கேதான் அதிகம். ஹப் தன் பிழைப்புக்கென்று சார்ஜரிடமிருந்து 5 முதல் 15 வாட் வரை ஒதுக்கிக்கொள்ளும். டேப்லெட்டோடு வந்த 20 வாட் சார்ஜரை ஹப்பில் செருகி, மானிட்டரும் டிரைவும் மாட்டி உட்கார்ந்தால், சார்ஜ் குறி காட்டிக்கொண்டே பேட்டரி இறங்கும். 45 வாட், முடிந்தால் 65 வாட் சார்ஜராகப் போடுங்கள். மாறாக, சார்ஜரே இல்லாமல் பழைய 2.5 அங்குல ஹார்ட் டிஸ்கை மாட்டினால் ‘டிக்... டிக்...’ என்று ஒரு சத்தம் கேட்கும், டிரைவ் தோன்றி மறையும். டிஸ்குக்குள் இருக்கும் தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். யுஎஸ்பி 3 போர்ட்டின் கணக்கோ 900 மில்லி ஆம்பியர். திரும்பத் திரும்ப முயன்றால் டிஸ்க்தான் பாழாகும். அந்தச் சத்தம் கேட்டதும் கழற்றிவிடுங்கள்.

டிரைவ் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது ஹப்பின் சார்ஜரைச் செருகுவதோ பிடுங்குவதோ கூடவே கூடாது. கரண்ட் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மாறும் அந்தக் கணத்தில் பல ஹப்கள் ஒருமுறை அணைந்து எழும். டிரைவைப் பொறுத்தவரை யாரோ பிடுங்கிவிட்ட மாதிரிதான். டிரைவை ஃபார்மட் செய்யும் முறைகளில் ஒன்றான எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (எழுதுவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது, ஃபைல் எழுதுவது பாதியில் நின்றால் ஃபோல்டரே குலைந்துவிடலாம். எனவே முதலில் சார்ஜர், பிறகு டிரைவ். கழற்றும்போது முதலில் டிரைவ். எக்ஸ்ஃபேட்டைக் குறை சொன்னாலும் அதைத்தான் பயன்படுத்தியாக வேண்டும். மற்ற முறைகளில், ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேல் ஒற்றை ஃபைல் ஏறாது, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிரைவில் ஐபேட் எழுதாது. இரண்டு பார்ட்டிஷனாக (பகுதியாக) பிரித்த டிரைவும் ஐபேடுக்கு ஒத்துவராது, ஒன்றுதான் இருக்க வேண்டும்.

சரி, போர்ட் முழு வேகம், ஹப்பும் நல்லது, கரண்டும் போதும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சுவர் பாக்கி: டிரைவர், அதாவது செருகிய சாதனத்தோடு பேசத் தேவையான மென்பொருள். கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ், ஆடியோ இன்டர்ஃபேஸ் போன்றவை பொது விதிப்படி பேசுபவை, செருகினால் வேலை செய்யும். வெப்கேம்கூட ஐபேட்ஓஎஸ் 17 முதல் ஓடுகிறது. ஆனால் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பழைய ஸ்கேனர், லேபிள் பிரின்டர், ஆர்டுயினோ (எலக்ட்ரானிக்ஸ் பழகுபவர்களின் சிறு சர்க்யூட்) போர்டுகள் சிலவற்றில் இருக்கும் சிஎச்340 போன்ற சீரியல் சிப் ஆகியவற்றுக்குத் தனி மென்பொருள் வேண்டும். ஆண்ட்ராய்டில் சீரியல் சிப்களோடு பேசும் ஆப்கள் கிடைக்கின்றன, ஐபேடில் அந்த வாசல் ஏறக்குறைய மூடியிருக்கிறது. விண்டோஸ் டேப்லெட்டான சர்ஃபேஸ் ப்ரோ இதில் தனி ஜாதி. 2021இல் வந்த சர்ஃபேஸ் ப்ரோ 8இல் இரண்டு தண்டர்போல்ட் 4 போர்ட், சார்ஜுக்கு வேறு இணைப்பு. அதை டேப்லெட் வடிவ லேப்டாப் என்று சொல்வதுதான் நியாயம். ஆனால் ஸ்னாப்டிராகன் சிப் (இது மொபைல்களில் இருக்கும் ஆர்ம் வகை) வைத்த மாடலாக இருந்தால் ஆர்ம் சிப்புக்கென்று எழுதிய டிரைவர் கிடைக்கிறதா என்று பாருங்கள். பழைய சாதனங்கள் அங்கேயும் மக்கர் செய்யும்.

லேப்டாப்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஆப்பிள் 2015இல் ஒரே ஒரு யுஎஸ்பி-சி போர்ட்டோடு 12 அங்குல மேக்புக் கொண்டுவந்தது, 2016இல் மேக்புக் ப்ரோவின் எச்டிஎம்ஐயையும் எஸ்டி கார்டு ஓட்டையையும் பிடுங்கியது. 2021இல் இரண்டையும் திருப்பி வைத்தது, காந்தத்தில் ஒட்டும் மேக்சேஃப் சார்ஜிங்கோடு. ‘எல்லாவற்றுக்கும் டாங்கிள் (மாற்று இணைப்பான்) இருக்கிறதே’ என்ற வாதத்துக்கு அந்த ஐந்து வருடமே பதில்.

எழுதுவது, படிப்பது, வரைவது, மீட்டிங் என்று போர்ட்டையே தொடாத வேலை என்றால் டேப்லெட் தாராளமாகப் போதும். கீபோர்டு கவரை போகோ பின்னில் (டேப்லெட்டின் உடம்பில் இருக்கும் சிறு உலோகத் தொடுபுள்ளிகள்) ஒட்டும் மாடலாக எடுங்கள், போர்ட் சார்ஜருக்கு மிஞ்சும். மற்றவர்கள் ஒரு காகிதத்தில் ஒரே நேரத்தில் செருக வேண்டியவற்றை எழுதிப் பாருங்கள். சார்ஜரோடு இன்னும் ஒன்று என்றால் டேப்லெட் சமாளிக்கும். மூன்றைத் தாண்டினால் லேப்டாப்பே எடுங்கள்.

டேப்லெட்தான் என்று முடிவாகிவிட்டால் அந்த ஓட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மாற்று ஓட்டை கிடையாது. உடம்போடு ஒட்டிக்கொள்ளும் குச்சி ஹப் வேண்டாம். டேப்லெட்டைத் தூக்கும்போதெல்லாம் நெம்புகோல் மாதிரி போர்ட்டை வளைக்கும். குட்டை வால் கேபிள் வைத்த ஹப் நல்லது, அந்த வாலும் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். யுஎஸ்பி 3 ஓடும்போது ப்ளூடூத் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கசியும் (இன்டெல் 2012லேயே இதை அளந்து எழுதியிருக்கிறது), ஹப் ஒட்டி இருந்தால் ப்ளூடூத் மவுஸ் தடுமாறும். செருகும்போது ‘க்ளிக்’ என்று உட்காரவில்லை, லேசாக ஆடினால் சார்ஜ் நிற்கிறது என்றால் பெரும்பாலும் அடியில் பஞ்சும் தூசியும் அமுங்கியிருக்கும். டேப்லெட்டை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியை மெலிதாகச் சீவி, சுவரை ஒட்டியபடி மெல்லச் சுரண்டி எடுங்கள். நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கில்தான் அத்தனை பின்னும் இருக்கின்றன. அதன்மேல் ஊசி பட்டு ஒடிந்தால் போர்ட்டையே மாற்ற வேண்டும், பல டேப்லெட்களில் அது மெயின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும்.