மூக்குக்கு 21 நாள்

தம்பி: அக்கா, இன்றோடு 21 நாள். நகம் கடிப்பது முடிந்த கதை. இனி நானே நினைத்தாலும் வராது.

அக்கா: வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சொல். பாதி புரியவில்லை.

தம்பி: இது கடிப்பது இல்லை. ஓரம் குத்தியது, சரிசெய்தேன். 21 நாள் தாண்டினால் எந்தப் பழக்கமும் போய்விடும். அறிவியல்.

அக்கா: அறிவியல் இல்லை, மூக்கு.

தம்பி: மூக்கா? நான் நகத்தைச் சொல்கிறேன்.

அக்கா: மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். மூக்கைத் திருத்திக்கொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். அதைத்தான் ஊரே பிடித்துக்கொண்டது.

தம்பி: அப்போது மூக்கை மாற்றினால் நகம் கடிக்க மாட்டேனா?

அக்கா: கடிப்பாய். புது மூக்குக்குக் கீழே உட்கார்ந்து கடிப்பாய்.

தம்பி: எத்தனை நாள்தான் ஆகும்?

அக்கா: 2009-ல் லண்டனில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. நடுவாக்கில் 66. அதுவும் புதுப் பழக்கம் ஒட்டுவதற்கு. பழையதைக் கழற்றுவதற்கு இல்லை.

தம்பி: 254-ஆ! அந்த ஆளுக்குப் பெரிய மூக்கோ?

அக்கா: அங்கே யாருக்கும் ஆபரேஷன் நடக்கவில்லையடா.

தம்பி: எல்லாம் மன உறுதிதான். மாமாவிடமும் அதைத்தான் தினமும் சொல்கிறேன். சிகரெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று.

அக்கா: அவர் பல்லைக் கடிக்க, நீ நகத்தைக் கடிக்க.

தம்பி: கை வாய்க்குப் போவதே எனக்குத் தெரிவதில்லை அக்கா!

அக்கா: அப்படி வா. உனக்கே தெரியாமல் போகிற கையை மன உறுதி எங்கே போய்ப் பிடிக்கும்? எப்போதெல்லாம் போகிறது?

தம்பி: போனில் ஏதாவது லோடாகிக்கொண்டே இருக்கும்போது. மேனேஜர் பேசும்போது. யாராவது அறிவுரை சொல்லும்போது.

அக்கா: இப்போது எங்கே இருக்கிறது?

தம்பி: ...வாயில்.

அக்கா: அந்த நேரத்தில் கையை முஷ்டியாக இறுக்கிக்கொள். கொஞ்ச நேரம் அப்படியே வை. அஸ்ரின், நன் என்று இரண்டு உளவியலாளர்கள் 1973-லேயே சொன்ன வழி. கைக்கு வேறு வேலை கொடுப்பது, அவ்வளவுதான்.

தம்பி: மேனேஜர் முன்னால் முஷ்டியோடு நின்றால் அவர் மூக்கைப் பொத்திக்கொள்வார்!

அக்கா: மேஜைக்குக் கீழே இறுக்கு.

தம்பி: சரி, மாமாவிடமும் இதைச் சொல்லட்டுமா?

அக்கா: வேண்டாம். அவர் சிகரெட்டை விட்டு ஒரு மாதம் ஆகிறது. உன்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

தம்பி: என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை?

அக்கா: உன் குரலைக் கேட்டால்தான் அவருக்குச் சிகரெட் ஞாபகமே வருகிறதாம்.