கைடு கோபப்பட்டது சரிதான்

சனிக்கிழமை ராத்திரி மலைமேல் நட்சத்திரம் பார்க்கப் போன நடையில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாகிவிட்டது. வெளிச்சம் அடித்தவரைப் பார்த்து கைடு கத்தும் அந்த 40 விநாடி வீடியோவை எனக்கே 11 பேர் அனுப்பியிருக்கிறார்கள். "காசு கொடுத்து வந்தவங்ககிட்ட இப்படியா பேசுறது?" என்பதுதான் முக்கால்வாசி கமெண்ட். கைடுக்குத் துணையாக வரிசையின் கடைசியில் நடந்தவன் என்பதால் சொல்கிறேன்: கைடு நடையைப் பாதியில் முடித்து எல்லோரையும் கீழே கூட்டி வந்தது சரி. நான்காவது தடவை வெளிச்சம் அடித்த பிறகு அங்கே நின்று பார்க்க எதுவும் மிச்சமில்லை. வானம் அப்படியேதான் இருந்தது. 22 பேரின் கண்தான் இருட்டுக்குப் பழகியதை இழந்திருந்தது.

ஒரு விஷயம் யாருமே கேட்கவில்லை. நிலா இல்லாத இரவு, சுற்றிலும் ஒரு விளக்கு கிடையாது. அந்த வீடியோவில் கைடின் முகம், நெற்றிச் சுருக்கம் வரை எப்படி அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது? வீடியோ எடுத்தவர் செல்போன் டார்ச்சை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறார். "அணைங்க, அணைங்க" என்று அவர் கத்துவது அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான். அந்த வெளிச்சத்திலேயே அவரைப் படம் பிடித்து, அவர் கோபக்காரர் என்று ஊருக்கே காட்டியாகிவிட்டது.

இருட்டுக்குக் கண் பழகுவது என்றால் என்ன என்று தெரிந்தால் இந்தக் கோபம் புரியும். இருட்டுக்குள் வந்ததும் கண்மணி விரியும். 2, 3 மில்லிமீட்டர் இருந்தது 7 வரை போகும். இது பெருமளவு உடனே நடந்துவிடுவதால் 5 நிமிடத்தில் எல்லோரும் "எனக்குப் பழகிடுச்சு" என்கிறார்கள். பழகவில்லை. பெரிய வேலை விழித்திரையில் நடக்கிறது. நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் 10 நிமிடத்தில் தங்களால் முடிந்ததைச் செய்துவிடும். மங்கல் ஒளியைப் பிடிக்கும் கோல் செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி மறுபடி ஊற வேண்டும். அதற்கு 30 நிமிடம், முழுதாக ஊற 40-க்கும் மேலே. ஊறி முடித்த கண், வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணைவிடப் பல ஆயிரம் மடங்கு மங்கலானதையும் பார்க்கும். வெள்ளை வெளிச்சம் பட்டால் அந்த நிறமி வெளுத்துவிடும். தூரத்தில் ஒரு மினுக்கல் என்றால் சில நிமிட நஷ்டம். முகத்துக்கு நேரே சில விநாடி டார்ச் அடித்தால் கிட்டத்தட்ட முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இப்போது சனிக்கிழமைக் கணக்கைப் பாருங்கள். புல்வெளிக்குப் போய் 8:10-க்கு எல்லா விளக்கையும் அணைத்தோம். 8:22-க்கு ஒருவரின் ஹெட்லேம்ப். 8:37-க்கு கீழே விழுந்த பைனாகுலர் மூடியைத் தேட ஒரு டார்ச். 8:55-க்கு ஃப்ளாஷோடு குடும்பப் படம். 9:05-க்கு வீடியோ. தொடர்ச்சியாகக் கிடைத்த மிக நீண்ட இருட்டு 18 நிமிடம். ஒருவருக்குக்கூட அரை மணி கிடைக்கவில்லை. விருச்சிகத்தின் வாலுக்குப் பக்கத்தில், வெறுங்கண்ணுக்கே புகை மாதிரித் தெரியும் ஒரு நட்சத்திரக் கொத்து இருக்கிறது. அதைக் காட்ட கைடு மூன்று முறை முயன்றார். நேராகப் பார்க்காதீர்கள், கொஞ்சம் ஓரமாகப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். கோல் செல்கள் பார்வையின் மையத்தில் கிடையாது, ஓரத்தில்தான் நெருக்கம். மூன்று முறையும் வெளிச்சம் வந்து கெடுத்தது. பாதிப்பேர் "இருக்கு சார், இருக்கு சார்" என்று மரியாதைக்குச் சொன்னார்கள். அவர்கள் குரலிலேயே தெரிந்தது, பார்க்கவில்லை என்று.

முதல் வெளிச்சத்துக்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். ஹெட்லேம்ப்களில் பெரும் தொந்தரவே இதுதான்: சிவப்பு விளக்கு இருக்கும், ஆனால் பல மாடல்களில் முதல் அமுக்கில் வெள்ளைதான் எரியும். வெள்ளை முழுசு, வெள்ளை பாதி, அப்புறம்தான் சிவப்பு. நேராகச் சிவப்புக்குப் போக பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அதனால் கார் நிறுத்தும் இடத்திலேயே பைக்குள் கையை விட்டு இரண்டு தரம் அழுத்திப் பிடித்துப் பழகச் சொல்வோம். டார்ச் என்றால் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டும்; ஒரு மடிப்பு போதாது, வெளிச்சம் கசியும். சிவப்பு எதற்கு என்றால், கோல் செல்களுக்கு ஆழ்சிவப்பு ஏறக்குறைய தெரியாது. ஆனால் சிவப்பாக இருந்தாலும் கண் கூசும் அளவுக்கு எரிந்தால் கெடுதல்தான். பாதை தெரிகிற அளவு போதும், காலடியைப் பார்த்தபடி.

ஸ்மார்ட் வாட்ச் கையைத் தூக்கினாலே எரியும். சினிமா மோடு போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்வெட்டர் கைக்குள் தள்ளுங்கள். காரைத் திருப்பி, மூக்கு வெளியே பார்க்க நிறுத்துங்கள். போகும்போது ரிவர்ஸ் எடுத்தால் ஹெட்லைட் புல்வெளி முழுக்கச் சுழன்று வரும். உள் விளக்கு கதவைத் திறந்தால் எரியாதபடி அணைத்துவையுங்கள். இதெல்லாம் அன்றைக்கும் சொல்லப்பட்டது. பாதிப்பேர் அப்போது செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாதுகாப்பு முக்கியமில்லையா? மலைப்பாதை, இருட்டு, விலங்கு" என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இரண்டு பேரிடமும் நல்ல வெள்ளை டார்ச். கிளம்பும்போது தலையெண்ணிக்கை, புல்வெளியில் ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. சரிவில் சிவப்பு விளக்கோடு ஒரு கை தூரத்தில் நடப்போம். ஏதாவது சத்தம் கேட்டால் எல்லோரும் நின்று ஒன்றாகச் சேர வேண்டும். கைடு "கண்ணை மூடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வெள்ளையை அடிப்பார். ஒரு கண்ணை மட்டும் கையால் பொத்திக்கொண்டாலும் போதும், பொத்திய கண் பழகியபடியே இருக்கும். அவசரத்துக்கு வெளிச்சம் போடுவதை யாரும் எங்கேயும் தடுக்கவில்லை. சனிக்கிழமை அடித்த நான்கில் ஒன்றுகூட அவசரத்துக்கு அடித்ததில்லை.

"குழந்தை பயந்துச்சு" என்பதும் சரி. குழந்தை பயந்தால் பின்னால் வருபவரிடம் சொல்லுங்கள். அவர் குழந்தையின் கையில் சிவப்பு விளக்கைக் கொடுத்து, பக்கத்திலேயே நிற்க வைப்பார். விளக்கைத் தன் கையில் பிடித்த குழந்தை பெரும்பாலும் பயப்படாது.

ஆனால் இந்த ஃபோட்டோ விஷயத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "ஒரு நினைவுக்குப் படம் எடுக்கக்கூடாதா?" எடுங்கள், யார் வேண்டாம் என்றது? செல்போன் ஃப்ளாஷ் சில மீட்டர்தான் எட்டும். அது நட்சத்திரத்தைப் பிடிக்காது, உங்கள் முகத்தை மட்டும் வெளுப்பாக்கி, பின்னால் வானத்தைக் கன்னங்கரேலென்று ஆக்கும். நட்சத்திரம் விழ வேண்டுமென்றால் ஃப்ளாஷை அணைத்து, நைட் மோடில், போனை ஒரு பாறைமேலோ ட்ரைபாடிலோ அசையாமல் சாய்த்துவைத்து, 3 விநாடி டைமர் போட்டு, 10 முதல் 30 விநாடி திறந்துவிட வேண்டும். திரை வெளிச்சத்தை அடிவரை குறைத்து, எடுத்ததும் கவிழ்த்துவைக்க வேண்டும். இதைக் கற்றுக்கொடுப்பதற்கென்றே கடைசி 15 நிமிடம் ஒதுக்கியிருந்தார் அந்த கைடு. அதுவரை பொறுக்க முடியவில்லை.

காசு கொடுத்தோம் என்கிறீர்கள். மற்றவர்களும் கொடுத்திருந்தார்கள். இருட்டு எல்லோருக்கும் சேர்த்து ஒன்றுதான். ஒருவர் எரித்தால் எல்லோருக்கும் போய்விடும். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சலிக்காது: நீங்கள் அடித்த வெளிச்சம் உங்கள் கண்ணோடு நிற்கவில்லை.

கைடு குரலை உயர்த்தினார், அது உண்மை. உயர்த்தாமல் இருந்திருக்கலாம். அவர் இடத்தில் நின்று பார்த்தீர்களா? அமாவாசையை ஒட்டிய சில இரவுகள்தான் மாதத்தில் கிடைக்கும். நிலா நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும், அதை வைத்துத்தான் தேதியே குறிக்கிறோம். அதிலும் மேகம் பாதியைத் தின்றுவிடும். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கினால்தான் வானம் முழுதாக இருட்டும். மலையில் 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும், தெளிவான இரவில் தரை இன்னும் வேகமாகக் குளிரும். அசையாமல் நிற்பவருக்கு 20 நிமிடத்திலேயே விரல் விறைக்கும், விறைத்ததும் மணி பார்க்கப் போனை எடுப்பார்கள். அதனால்தான் இரண்டு அடுக்கு உடுப்பு, குல்லா, உட்கார ஒரு பாய் என்று முன்கூட்டியே செய்தி அனுப்புகிறோம். இத்தனையும் கூடி வந்த ஒரு ராத்திரி அது. காற்றுகூட இல்லை.

உலகத்தில் மூன்றில் ஒரு பங்கு மனிதர்களுக்கு அவர்கள் வீட்டிலிருந்து பால்வீதி தெரியாது என்று 2016-இல் வெளியான ஒளி மாசு வரைபடம் சொல்கிறது. இருட்டைக் காப்பாற்றுவதற்கென்றே பூங்காக்களுக்கு அங்கீகாரம் கொடுக்கிறார்கள். 2007-இல் அமெரிக்காவின் யூட்டாவில் நேச்சுரல் பிரிட்ஜஸ் முதலில் பெற்றது. வேறெங்கும் கிடைக்காததால்தான் இவ்வளவு தூரம் மலையேறி வருகிறார்கள். வந்த இடத்திலும் அதை வெளிச்சம் போட்டு விரட்டினால் அவர்கள் இனி எங்கே போவார்கள்?

என் பக்கத்தில் ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார். பேத்தி கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். வயதானவர்களுக்குக் கண்மணி அவ்வளவு விரியாது, நிறமி ஊறவும் அதிக நேரம் பிடிக்கும். மற்றவர்களுக்கு அரை மணி என்றால் அவருக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். 8:37-க்குப் பிறகு பேச்சே இல்லாமல் மேலே பார்த்தபடி நின்றார். 8:55-க்குக் கொஞ்சம் முன்னால் என் சட்டையை இழுத்து, "தம்பி, அந்த மேகம் கலையாதா? பின்னாடி இருக்கிறத மறைக்குதே" என்று கேட்டார். கை நேராகப் பால்வீதியைக் காட்டிக்கொண்டிருந்தது. அது மேகம் இல்லை பாட்டி என்று சொல்ல வாயெடுத்தேன், ஃப்ளாஷ் அடித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி மேலே பார்த்தார்.

"கலைஞ்சிடுச்சு" என்றார்.