பத்து ரூபாய் நாணயங்கள் செல்லும்

ரூபாய்க் குறியீடு இல்லாத, 15 கோடுகள் கொண்ட 10 ரூபாய் நாணயம் போலி என்றும், உண்டியலில் இருந்தால் உடனே தள்ளிவிட வேண்டும் என்றும் வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. அந்தக் குறியீடு 2011-இல்தான் நாணயங்களில் இடம்பெறத் தொடங்கியது என்பதால், அதற்கு முன் வெளியானவற்றில் அதைத் தேடுவதே பொருந்தாது. கோடுகள் 10 ஆனாலும் 15 ஆனாலும் இரண்டும் அரசு வெளியிட்ட வடிவங்களே. 2018 ஜனவரி 17 அன்று ரிசர்வ் வங்கி, அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்ததை அதன் இணையதளத்திலேயே படிக்கலாம். 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போனவை 25 காசும் அதற்குக் குறைந்தவையும்தான். 50 காசு இன்றும் செல்லும். சிறுகச் சிறுகச் சேர்த்த சில்லறையை நூறு நூறாகப் பையிலிட்டு வங்கிக் கணக்கில் செலுத்தலாம். இந்த வதந்தியால் பேருந்திலும் பெட்டிக்கடையிலும் நாணயம் மறுக்கப்பட்டுத் தவிப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களும் சிறு வியாபாரிகளுமே என்பதால், அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.