அந்த மஞ்சப்பையை நான் எடுத்திருக்கக் கூடாது

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலைல, வட சென்னை டோல்கேட் பஸ் ஸ்டாப்ல பாரிமுனை பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தேன். பெஞ்சு மேல ஒரு மஞ்சப்பை. பக்கத்துல யாரும் இல்ல. பத்து நிமிஷம் பார்த்தேன், ஒருத்தரும் வரல. பஸ் வந்துடுச்சு. "இங்கயே விட்டா யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க"ன்னு நினைச்சு நானே தூக்கிட்டுப் போயிட்டேன். இதுல இருக்கிற கூத்து அன்னைக்கு எனக்கு உறைக்கல.

ஆபீஸ்ல திறந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி ஓபி நோட்டு ஒண்ணு, அதுல ஒரு பேரும் வயசு 62ன்னும் மட்டும். கத்தரிக்கோலால வெட்டின மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்துச்சு. ஒரு சுருக்குப் பை. அதுக்குள்ள வெத்தலைப் பாக்கு, 340 ரூபாய். பத்து ரூபா நோட்டு ஒண்ணுல மீன் செதில் காஞ்சு ஒட்டிக்கிட்டிருந்தது. முகவரி இல்ல, போன் நம்பர் இல்ல.

அப்புறம் என்ன, நம்ம ஏரியா குரூப்ல போட்டோவோட பதிவு போட்டேன். "தெய்வம்மா நீங்க"ன்னு ஒரே வாழ்த்து. எனக்கும் கொஞ்சம் குளிர்ந்துதான் போச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஒருத்தர் "அது எங்க அம்மா பை"ன்னு இன்பாக்ஸ்ல வந்தார். உள்ள என்ன இருக்குன்னு கேட்டேன். "பணம்"ன்னார். எவ்வளவு, எதுல வச்சிருந்தாங்கன்னு கேட்டதும் ஆளைக் காணோம். பை என் மேஜை டிராயர்ல பத்திரமா இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஸ்டாப்புக்கு எதிர்ல இருக்கிற டீக்கடை மாஸ்டர் பேச்சுவாக்குல சொன்னார்: "யக்கா, ஒரு ஆயா மூணு நாளா வந்து பெஞ்சுக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சு பார்த்துனு போவுது. பாவமா கீது."

சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கே போய் நின்னேன். வந்தாங்க. காசிமேட்டுல மீன் எடுத்துட்டு வந்து இங்க இறங்கி, தெருத் தெருவா விக்கிறவங்க. அன்னக்கூடையை பெஞ்சு மேல இறக்கி வச்சு, சும்மாடு கட்டும்போது பையை மறந்திருக்காங்க. கொடுத்தேன். பணத்தை எண்ணல. மாத்திரை அட்டையைத்தான் முதல்ல எடுத்துப் பார்த்தாங்க. நாலு நாளா சுகர் மாத்திரை போடலையாம். நோட்டு இல்லாம போய்க் கேட்டா திட்டுவாங்கன்னு ஆஸ்பத்திரிக்கும் போகல.

நான் "பத்திரமா வச்சிருந்தேம்மா"ன்னு பெருமையா ஆரம்பிச்சேன். அவங்க என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க.

"இன்னாமா நீ, பத்திரமா வச்சிகினு இருந்தேன்ற. நான் எங்க வந்து தேடுவேன்? இங்கதானே? உன் ஆபீஸ்லயா?"

பதில் சொல்ல வாய் வரல. அன்னையிலிருந்து இதையே யோசிச்சிட்டிருக்கேன். கீழ கிடக்கிற பொருளைப் பார்த்தா நாம எல்லாரும் நம்மளைப் பத்தித்தான் கேட்டுக்கிறோம்: நான் எடுக்கலாமா, யார்கிட்ட கொடுக்கலாம், வம்புல மாட்டிப்பேனா. தொலைச்சவங்க முதல்ல எங்க ஓடுவாங்கன்னு கேட்கிறதே இல்ல. அவங்க போற இடத்துல பொருள் இருந்தாப் போதும், பாதி வேலை முடிஞ்சுது.

அந்த இடம் பொருளுக்குப் பொருள் மாறும். மஞ்சப்பை, குடை, டிபன் பாக்ஸ், சாவிக்கொத்துன்னா விழுந்த இடத்துக்கே வருவாங்க. பக்கத்து டீக்கடையில சொல்லி வச்சுட்டுப் போறதுதான் சரி. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுல தீபாவளி நேரத்துல துணிப்பையை விட்டவங்க, ஏறி இறங்கின கடையையெல்லாம் திரும்பவும் ஏறி இறங்குவாங்க. அந்தக் கடை கல்லாவுலயே கொடுத்துடலாம். ஷேர் ஆட்டோவுல விட்டதுக்கு ஸ்டாண்டு. விம்கோ நகர் பக்கம் போற மெட்ரோவுல கிடைச்சா ஸ்டேஷன்ல இருக்கிற ஆளுங்ககிட்ட. ரயில்ல விட்டவங்க ரயில்வே உதவி எண் 139க்கு அடிப்பாங்க, அதனால ரயில்வே பாதுகாப்புப் படைகிட்ட (ஆர்பிஎப்).

போன்னா இன்னும் சுலபம், அதுவே ஆளைக் கூட்டிட்டு வரும். தொலைச்சவங்க முதல்ல அடிக்கிறது அவங்க நம்பருக்குத்தான். ஆஃப் பண்ணாம, சிம்மைக் கழட்டாம, சார்ஜ் போட்டு வைங்க. "அம்மா"ன்னு ஒரு கால் எப்படியும் வரும்.

தங்கம், கத்தைப் பணம்னா வேற கதை. அதை டீக்கடையில வைக்கக் கூடாது, அந்த மனுஷன் ராத்திரி தூங்க வேணாமா? நகை தொலைச்சவங்க போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போவாங்க. 2021ல திருவொற்றியூர்ல குப்பை பிரிக்கும்போது ஒரு தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு 100 கிராம் தங்கக் காசு கிடைச்சது ஞாபகம் இருக்கா? அவங்க மேலதிகாரிகிட்ட சொல்லி, அது போலீஸுக்குப் போச்சு. தொலைச்சவரும் அதே போலீஸ்லதான் புகார் கொடுத்திருந்தார். வீட்டுக்குப் பத்திரமா எடுத்துட்டுப் போயிருந்தா அந்த ரெண்டும் சேர்ந்திருக்குமா?

ஆனா ஸ்டேஷன்னா நம்மாளுங்களுக்கு ஏன் கால் கூசுதுன்னும் தெரியும். நாலு வருஷம் முன்னாடி ஒரு பர்ஸைக் கொடுக்கப் போய், ஒன்றரை மணி நேரம் பெஞ்சுல உட்கார்ந்தேன். "நீ ஏன் அந்தப் பக்கம் போன?"ன்னு கேள்வி வேற. எழுதிக் கொடுங்கன்னு கேட்டதுக்கு முறைச்சாங்க. இருந்தாலும் கேளுங்க. என்ன கொடுத்தோம், என்னைக்கு கொடுத்தோம்னு ஒரு துண்டுச் சீட்டாவது வாங்காம வராதீங்க.

"கீழ கிடந்ததை எடுத்தா திருட்டா என்ன?"ன்னு கேட்கிறவங்களுக்காக ஒண்ணு. 2024 ஜூலை 1லிருந்து நடைமுறையில இருக்கிற புது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல 314வது பிரிவு இதுக்குன்னே இருக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 403. பாதுகாக்கவோ திருப்பிக் கொடுக்கவோ எடுத்தா குற்றம் இல்ல. யாருதுன்னு தெரிஞ்சும், இல்ல கண்டுபிடிக்க வழி இருந்தும், தேடாம தனக்குன்னு எடுத்துக்கிட்டா ஆறு மாசத்துலேருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, கூடவே அபராதம். சட்டத்துக்குள்ளயே குட்டிக் கதையெல்லாம் இருக்கு: ரோட்டுல கிடந்த ஒத்தை ரூபாயை எடுத்தவன் தப்பிச்சான், விலை உயர்ந்த மோதிரத்தை எடுத்து, ஆளைத் தேடாம உடனே வித்தவன் மாட்டினான். 1872ல வந்த ஒப்பந்தச் சட்டம் இன்னொரு பக்கம் பிடிக்குது. கண்டெடுத்த பொருளைக் கையில வச்சிருக்கிற வரைக்கும், அடகுக்கடைக்காரர் நம்ம நகையைப் பார்த்துக்கிற அளவுக்குப் பொறுப்பாப் பார்த்துக்கணுமாம்.

இன்னொரு விஷயம், ஆதார், லைசென்ஸைப் போட்டோ எடுத்து அப்படியே குரூப்ல போடாதீங்க. பேரோட முதல் எழுத்து, கிடைச்ச இடம் போதும். மீதியை உரிமை கேட்டு வர்றவங்க சொல்லட்டும். எங்க அப்பா பர்ஸை மின்ட் பக்கம் பஸ்ல எவனோ அடிச்சுட்டான். ஒரு வாரம் கழிச்சு லைசென்ஸ் மட்டும் தபால்ல வந்துச்சு. பணத்தை எடுத்துட்டு, மீதியைத் தபால் பெட்டியில போட்டிருக்கான் அந்தப் புண்ணியவான். அட்டையில இருக்கிற முகவரிக்குத் தபால்காரர் கொண்டுவந்துடுவார்னு பிக்பாக்கெட்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு, எம்.காம். படிச்ச எனக்குத் தெரியல.

டீக்கடை மாஸ்டர் இப்ப பாய்லருக்குப் பின்னாடி சுவத்துல ஒரு ஆணி அடிச்சிருக்கார். நேத்து பார்த்தப்போ ஒரு குடை, ஒரு ஹெல்மெட், ஒத்தைக் கால் குழந்தை ஷூ தொங்குச்சு. ஷூ ரெண்டு வாரமா அங்கதான் இருக்கு.

மீன்காரம்மா என்னை மறக்கல. வாரத்துல ரெண்டு நாளாவது ஸ்டாப்ல பார்த்துடுறோம். கூடையை இறக்கினதும் பையை இடுப்புல சொருகிக்கிட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுப்பாங்க:

"இன்னாமா, இன்னிக்கு யார் பையத் தூக்கினு போற?"